செய்தியைக் கொண்டு வந்தவர் யார்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

    

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் தொழுகை, ஜகாத், பிள்ளைகளின் கல்வி ஆகியவை குறித்துப் பேசுவது என் வழக்கம். இவ்வாண்டு கைப்பேசி வழியாகவும் கணினி வழியாகவும் நடைபெறும் மோசடி குறித்துப் பேச விரும்புகிறேன். ‘இது இமாம் பேச வேண்டிய பொருளா?’ என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடையை என் சொந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கடந்த ரமளான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் என் கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் நம் ஜமாஅத் இளைஞர் ஒருவருடையது. “ஹஸ்ரத், தவறுதலாக ஆறு இலக்க எண் ஒன்று உங்களுக்கு வந்துவிட்டது. தயவுசெய்து அனுப்பி வையுங்கள்” என்று எழுதியிருந்தது. எண்ணும் வந்திருந்தது. நோன்பாளி கேட்கிறாரே என்று நான் யோசியாமல் அனுப்பி வைத்தேன். அந்த இளைஞரின் கணக்கு ஏற்கனவே திருடப்பட்டிருந்தது என்பதோ, அந்த ஆறு இலக்கம் என் வாட்ஸ்அப் கணக்கின் திறவுகோல் என்பதோ எனக்குத் தெரியாது. அடுத்த சில நிமிடங்களில் என் கைப்பேசியில் வாட்ஸ்அப் மூடிக்கொண்டது. அது வேறெங்கோ, யாரோ ஒருவரின் கையில் திறந்துகொண்டது.

இஃப்தாருக்குள் என் பெயரில், என் படத்துடன், நம் ஜமாஅத்தார் பலருக்குச் செய்தி சென்றது. ஏழைப் பெண் ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை என்றும், இயன்றதை இந்த எண்ணுக்கு உடனே அனுப்புங்கள் என்றும் அதில் கண்டிருந்தது. மூவர் பணம் அனுப்பினர். ஒருவர் 10,000 ரூபாய். மற்றொருவர் 5,000 ரூபாய். மூன்றாமவர், தையல் வேலை செய்து இரு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைத் தாய். பெருநாள் துணிக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்தது 6,000 ரூபாய். மறுநாள் காலை அத்தாய் தம் மகனைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? “ஹஸ்ரத், அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.”

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அவருடைய தொகையையும், 5,000 அனுப்பியவரின் தொகையையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனினும் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. இமாமின் பெயரில் ஒரு செய்தி வந்தால் மறுகேள்வி கேட்காமல் கொடுக்கலாம் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கை அமானிதமாகும். அந்த அமானிதத்தின் திறவுகோலை நானே திருடன் கையில் கொடுத்தேன். ஆகவேதான் இது மிம்பரில் பேசப்பட வேண்டிய பொருள் என்கிறேன்.

அன்பார்ந்தவர்களே! இதில் எனக்கு மிகுந்த வெட்கம் தருவது வேறொன்று. மதரஸாவில் பல ஆண்டுகள் ஹதீஸ் கலை ஓதியவன் நான். அக்கலையின் அடிப்படை என்ன? நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு வாக்கியம் வந்தாலும், அதை நம் முன்னோர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இதை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவ்விருவரும் சந்தித்ததுண்டா, அவர் நேர்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று அறிவிப்பாளர் தொடரை, அதாவது இஸ்னாதை, ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தனர். இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதை ‘முன்கதிஃ’ என்று ஒதுக்கினர். புனைந்துரைக்கப்பட்டதை ‘மவ்ளூஃ’ என்று தள்ளினர். செய்தியின் இனிமையைக் கண்டு அவர்கள் மயங்கவில்லை. கொண்டு வந்தவர் யார் என்றே முதலில் கேட்டனர். திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 6-ஆம் வசனமும், தீயவர் கொண்டு வரும் செய்தியை ஆராயாமல் செயல்பட்டால் அறியாமையால் பிறருக்குத் தீங்கு விளைவித்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றே எச்சரிக்கிறது.

பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 463-ல் மறைந்த கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. கைபர்வாசிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் வரிவிலக்கு அளித்ததாகக் கூறும் ஓர் ஆவணம் அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. அதில் ஸஹாபாக்களின் சாட்சியமும் கண்டிருந்தது. பார்த்தவர் அனைவரும் திகைத்தனர். கதீப் அவர்கள் வாசித்துவிட்டு, இது பொய் என்றார்கள். ஏன்? சாட்சிகளுள் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்களோ ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தில் இணைந்தவர்கள்; கைபர் நிகழ்ந்தது ஹிஜ்ரி 7-ல். இன்னொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள். அவர்கள் ஹிஜ்ரி 5-லேயே மறைந்துவிட்டார்கள். பெரிய பெயர்களைக் கண்டு அஞ்சாமல், ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்ததே கதீப் அவர்கள் செய்தது.

இன்று நம் கைப்பேசிக்கு வரும் ஆவணங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2024-ஆம் ஆண்டு வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்களிடம் மோசடிக்காரர்கள் சி.பி.ஐ. அதிகாரிகளைப் போலப் பேசினர். உச்ச நீதிமன்றத்தின் விசாரணை போன்ற ஒரு நாடகத்தையே காணொளியில் நடத்திக் காட்டி, அவரிடமிருந்து 7 கோடி ரூபாய் பறித்தனர். எண்பது வயதைக் கடந்த, பெருந்தொழில் நடத்திய அனுபவசாலி அவர். அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர் சூட்டியுள்ளனர். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது. எந்தக் காவல்துறையும், எந்த நீதிமன்றமும் காணொளி அழைப்பில் ஒருவரை உட்கார வைத்து, வங்கிப் பணத்தை ‘சரிபார்ப்புக்காக’ அனுப்பச் சொல்லாது. இந்த ஒரு செய்தியை உங்கள் வீட்டு முதியவர்களிடம் இன்றே சொல்லுங்கள்.

மார்க்கத்தின் பெயராலும் ஏமாற்று நடக்கும். இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், ‘ஹலால் முதலீடு’ என்று விளம்பரம் செய்த ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சரிந்தபோது, பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றன. அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்தார்களேயன்றி, பணம் எந்த வியாபாரத்தில் எவ்வாறு பெருகுகிறது என்று கேட்கவில்லை. இன்று அதே வலை வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘பங்குச் சந்தைப் பயிற்சி’, ‘வீட்டிலிருந்தே வேலை’, ‘குறைந்த கட்டணத்தில் உம்ரா’ என்ற பெயர்களில் விரிக்கப்படுகிறது.

தொழில்நுட்பம் அறியாத தாய்மார்களுக்காக, நடைமுறையில் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது: கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை மகன் கேட்டாலும், இமாம் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘கணக்கு’ என்ற பகுதியில் இரு படிச் சரிபார்ப்பு உள்ளது. அதில் நீங்களே ஓர் இரகசிய எண்ணை அமைத்துக்கொண்டால், ஓ.டி.பி. மட்டும் தெரிந்த திருடனால் உங்கள் கணக்கைத் திறக்க இயலாது. நான் இதைச் செய்திருந்தால் அந்தத் தாயின் பணம் போயிருக்காது.

இரண்டாவது: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கு மட்டுமே அது தேவை. ‘பரிசு வந்துள்ளது, எண்ணை அழுத்துங்கள்’ என்றால் பறிக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது: திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், வங்கி அறிவிப்பு என்ற பெயரில் வரும் கோப்பின் இறுதியில் ‘ஏ.பி.கே.’ என்றிருந்தால் தொடாதீர்கள். அழைப்பிதழ் படமாக வரும், செயலியாக வராது. அதை நிறுவி, அது கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளும் ஓ.டி.பி. எண்களும் திருடனுக்கும் போய்ச் சேரும். தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பது பாதுகாப்பு ஆகாது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பாழாக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் நண்பர்களின் மின்னஞ்சலிலிருந்து, காதல் கடிதம் என்ற பெயரில்தான் வந்தது.

நான்காவது: பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நான் சொன்ன மூவரில் 10,000 அனுப்பியவர், சந்தேகம் எழுந்து அரை மணி நேரத்திற்குள் அழைத்தார். பணம் அடுத்த வங்கிக் கணக்கிலேயே முடக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மற்ற இருவர் மறுநாள் காலையில்தான் அறிந்தனர். அதற்குள் பணம் பல கைகள் மாறிப் போய்விட்டது. நம்முள் பலர் ஓசூரில் குடியிருந்து, பொம்மசந்திராவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கிறோம். வங்கிக் கணக்கு கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில். எந்த மாநிலக் காவல் நிலையம் என்று தயங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1930 நாடு முழுவதற்கும் ஒரே எண். மேலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

இளைஞர்களே! இனி நான் சொல்லப் போவது உங்களுக்கு. இத்திருட்டில் பணத்தை இழப்பவர் மட்டுமல்லர், உதவுபவரும் நம்மிடையே உருவாகக்கூடும். ‘உன் வங்கிக் கணக்கைச் சில நாட்களுக்குக் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்’ என்று சிப்காட் பகுதித் தேநீர்க் கடைகளில் அணுகுகிறார்கள். உன் கணக்கில் வந்து போகும் அந்தப் பணம், எங்கோ ஒரு தையல்காரத் தாயின் பெருநாள் துணிப் பணம். ‘நான் யாரையும் ஏமாற்றவில்லை’ என்ற பேச்சு சட்டத்திடமும் செல்லாது, மஹ்ஷரிலும் செல்லாது. பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதைத் திருமறை தடுத்துள்ளது. அந்தத் தரகுக் காசு ஹராம் என்பதில் ஐயமில்லை.

வெளிநாட்டு வேலை என்பதும் அவ்வாறே. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட பட்டதாரிகள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடி பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு கொடுமைப்படுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச் மாதத்தில் இந்தியர் 549 பேரை விமானப்படை விமானங்கள் தாயகம் கொண்டு வந்தன. ஆகவே கடவுச்சீட்டைக் கொடுக்கும் முன், அந்த முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். பெற்றோரிடமும் ஜமாஅத்திலும் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரிப்புக்கு அஞ்சியே பலர் வாய்மூடி இருக்கிறார்கள். அந்த மௌனத்தில்தான் திருடன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ‘எனக்கு நேர்ந்தது’ என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் பத்துப் பேர் காப்பாற்றப்படுவர். அதனால்தான் உங்கள் இமாமாகிய நான் இந்த வெட்கத்தைச் சபையில் சொன்னேன்.

நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு சில முடிவுகளை அறிவிக்கிறேன். இனி பள்ளிவாசலின் பெயரிலோ என் பெயரிலோ கைப்பேசிச் செய்தி வழியாக எவரிடமும் பணம் கேட்கப்படாது. வசூல் அனைத்தும் அலுவலக ரசீது வழியாகவே நடைபெறும். நன்கொடைப் பெட்டியின் மேலுள்ள க்யூ.ஆர். அட்டையின் மீது வேறு அட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று ஒவ்வொரு ஜும்ஆவுக்கு முன்பும் முஅத்தின் பார்ப்பார்; நீங்களும் செலுத்தும் முன், திரையில் தோன்றும் பெயர் ஜமாஅத்தின் பெயர்தானா என்று பாருங்கள். ஞாயிறுதோறும் லுஹர் தொழுகைக்குப் பின், கணினி அறிந்த நம் இளைஞர்கள் அலுவலகத்தில் அமர்ந்து, வருவோரின் கைப்பேசிகளில் பாதுகாப்பு முறைகளை அமைத்துக் கொடுப்பார்கள். தாய்மார்களுக்கு மதரஸா ஆசிரியைகள் அதே பணியைச் செய்வார்கள். இரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள், அவர்களிடமும் சொல்லாதீர்கள்.

என் பெயரில் மீண்டும் ஒரு செய்தி வந்தால், நம்புவதற்கு முன் என்னை அழைத்து என் குரலைக் கேளுங்கள். அப்போதும் ஐயம் தீரவில்லையானால் பள்ளிவாசலுக்கு நேரில் வாருங்கள். “ஹஸ்ரத், இது நீங்கள்தானா?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் முன்னோர் காட்டிய வழி அது.

நம் பொருளையும் நம் நம்பிக்கையையும் வல்ல இறைவன் பாதுகாப்பானாக! பிறர் பொருளைத் தீண்டாத கைகளை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.