பழைய காரின் பிளாஸ்டிக் விரிசல்கள்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றும், வந்த இடத்தில் உழைத்துத் தேடிய பொருள் ஒன்றும் பேணிக் காக்கப்படுவதுண்டு. எங்கள் வீட்டில் முன்னது பாட்டியாரின் செப்புக்குடம். பின்னது என் தந்தையார் 1986-ஆம் ஆண்டில், அன்று பம்பாய் என வழங்கிய மும்பையில் வாங்கிய பிரீமியர் பத்மினிக் கார். குடம் நசுங்கினால் கன்னாரிடம் கொடுத்துத் தட்டி நிமிர்த்திக் கொள்ளலாம். காரின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிளந்தால் என் செய்வது? அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இத்தாலிய ஃபியட் 1100 காரின் வழிவந்தது பத்மினி. மும்பையின் குர்லாப் பகுதியில் உருவான அக்காரின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியும் விடைபெற்றது. கொல்கத்தா நேயர்களுக்குப் பழக்கமான அம்பாசடரின் உற்பத்தியும் 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் நின்றுபோயிற்று. இவ்வண்டிகளின் எஞ்சின் பாகங்களைத் தேடினால் ஒருவாறு பெறலாம். மீட்டர்களைச் சுற்றியுள்ள சட்டம், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் பிடி ஆகியவற்றைப் பெறுவதுதான் அரிது. மும்பைச் சோர் பஜாரிலும், கொல்கத்தா மல்லிக் பஜாரிலும், டில்லி மாயாபுரியிலும் கிடைப்பவை பெரும்பாலும் நம்முடையவற்றைப் போன்றே முதுமை அடைந்தவை. அதே வெயிலில் காய்ந்தவை. ஆகவே, உள்ளதைச் செப்பனிடுவதே சிறந்த வழி.

இதனை நான் ஒரு பிழை செய்தே கற்றேன். மீட்டர் விளக்கு ஒன்றை மாற்றுவதற்காகச் சட்டத்தைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது திருகாணிகளை என் வலிமை முழுவதும் கொண்டு முடுக்கினேன். ஒரு மாதத்தில் மூலைத் துளையிலிருந்து விரல் நீளத்திற்கு விரிசல் ஓடிற்று. நொடியில் ஒட்டும் பசையை வாங்கி ஊற்றினேன். கறுப்புச் சட்டத்தில் வெண்மையான புகைபோல் படலம் படர்ந்தது. புனே சென்று மீள்வதற்குள் ஒட்டிய இடமும் விட்டுப்போயிற்று.

தாராவியில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவரிடம் அதனை எடுத்துச் சென்றேன். அவர் விரிசலைப் பார்க்கவில்லை, துளையைப் பார்த்தார்.

"தம்பி, இதை யார் முடுக்கினது?" என்று கேட்டார்.

"நான்தான், அண்ணாச்சி."

"இரும்பை முடுக்குகிற மாதிரி முடுக்கிவிட்டீர்கள். வெயிலில் இது நீளும், இரவில் சுருங்கும். அசைய இடம் கொடுக்காவிட்டால் உடையாமல் என்ன செய்யும்?"

அவர் சொல் முற்றிலும் உண்மை. பிளாஸ்டிக், இரும்பைக் காட்டிலும் பல மடங்கு விரிவடையும் பொருள். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை 70 டிகிரி சூட்டைத் தாண்டுவதும் உண்டு. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நெகிழ்ச்சியை ஆண்டுதோறும் குறைத்துவிடுகின்றன. வயது முதிர்ந்த சட்டத்தை இறுக்கிப் பிடித்தால், துளையின் ஓரத்தில் விரிசல் தொடங்குகிறது.

செப்பனிடுமுன், அது எவ்வகைப் பிளாஸ்டிக் என அறிதல் வேண்டும். மறைவான பின்புறத்தில் சிறு துணுக்கைச் சீவிச் சோப்பு கலந்த நீரில் இடுக. மிதந்தால் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். அதனைச் சாதாரணப் பசைகள் பற்றமாட்டா, வெப்பத்தால் உருக்கி இணைப்பதே தக்கது. மூழ்கினால், மறைவிடத்தில் ஒரு துளி அசிட்டோன் தொட்டு வைக்க. இடம் இளகிப் பிசுபிசுத்தால் அது ஏபிஎஸ் வகையாக இருக்கக்கூடும். எரித்துப் பார்த்து அறியலாம் என்பாரும் உளர், அது வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் நச்சுப் புகை எழும்.

என் சட்டம் ஏபிஎஸ். அண்ணாச்சி காட்டிய முறை இது. முதலில் பழைய பசையைச் சுரண்டி நீக்கிச் சோப்பு நீரால் கழுவினோம். முன்பலகை பளபளக்கப் பலரும் பூசும் சிலிக்கோன் மெருகு எஞ்சியிருந்தால் எதுவும் ஒட்டாது. அடுத்து, விரிசல் முடியும் நுனியில் 2 மில்லிமீட்டர் அளவில் சிறு துளை இட்டோம். கூரிய நுனி வட்டமாகிவிட்டால் விரிசல் மேலும் ஓடாது. பிறகு, பழைய சந்தையில் வாங்கிய உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தோம். தேன் போன்ற குழம்பு ஆயிற்று.

இனிச் சொல்வதே முதன்மையானது. வலிமையைப் பின்புறத்தில் கட்டவேண்டும். விரிசலைச் சேர்த்துப் பிடித்துப் பின்புறத்தில் குழம்பைத் தடவி, அதில் மெல்லிய கம்பி வலைத் துண்டைப் பதித்து, மேலும் ஒரு மெல்லிய பூச்சு இட்டோம். தடித்துப் பூசினால் சட்டமே இளகிக் கோணிவிடும். ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் உலரவேண்டும். முன்புறத்தில் விரிசலின் வழியே ஆழமற்ற சாய்வுப் பள்ளம் கீறி, அதையும் நிரப்பினோம். சில நாள்கள் கழித்து 240, 400, 600 எண் உப்புத்தாள்களால், நீர் தொட்டு, படிப்படியாகத் தேய்த்துப் பளபளப்பற்ற கறுப்பு வண்ணம் பூசினோம்.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் பூசை விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்திலேயே இவ்வேலையைச் செய்க.

ஸ்டீரிங் சக்கரத்தின் மேலுறையில் விரிசல் இருந்தால், உள்ளிருக்கும் இரும்பு வளையம் பழுதற்றது என்று உறுதி செய்தபின், பள்ளம் கீறி இரு பகுதிகளைக் கலக்கும் எபாக்ஸிப் பசையால் நிரப்பலாம். பஞ்சுமெத்தை போன்ற வினைல் முன்பலகைக்குக் கடினமான பட்டி ஆகாது; நெகிழும் நிரப்புப் பொருளே வேண்டும். இல்லையேல் வெயில் ஏறியதும் பக்கத்தில் மறுபடி பிளக்கும்.

இறுதியாகச் சட்டத்தை மாட்டினோம். திருகாணித் துளைகளைச் சற்றே அகலமாக்கி, ஒவ்வொன்றின் கீழும் சிறு ரப்பர் வளையம் இட்டு, விரலால் திருகும் அளவே முடுக்கினோம். இரண்டு கோடைகள் கடந்துவிட்டன, சட்டம் நிலைத்திருக்கிறது. சாய்வாக வெளிச்சம் படும்போது மெல்லிய கோடு ஒன்று தெரியத்தான் செய்கிறது.

கண் பார்வை மங்கிய என் தந்தையார் காரில் அமர்ந்து அவ்விடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோட்டைக் கண்டுகொண்டார். பிறகு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இப்போதுதான் சரியாக மாட்டியிருக்கிறாய்" என்றார்.

உங்கள் பழைய வண்டியில் விரிசல் கண்டால் பசையைத் தேடி ஓடுவதற்குமுன், அது எங்கே தொடங்கிற்று என்று பாருங்கள். அந்தக் காரணத்தை நீக்காமல் ஒட்டியது எதுவும் நிலைக்காது.