கணக்கில் ஏறும் தாய்மொழி

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களே, குடிமதிப்புக் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று "தாய்மொழி எது?" என்று வினவியபோது நீங்கள் ஒரு சொல்லில் விடை கூறியிருப்பீர்கள். அச்சொல் எங்கெங்கே சென்று சேர்கிறது என்பதைச் சிறிது காண்போம்.

ஆராய்ச்சிக்குரிய புள்ளிவிவரம் இருவகைப்படும். ஆராய்பவர் தாமே நேரிற் சென்று கேட்டும் கண்டும் திரட்டுவது முதல்நிலை விவரம். பிறர் வேறொரு நோக்கத்துடன் திரட்டி வைத்ததை எடுத்தாள்வது இரண்டாம் நிலை விவரம். பின்னது எளிது, செலவும் குறைவு. ஆயின் கேட்கப்படாத கேள்விக்கு அதனிடம் விடை இராது.

1953ஆம் ஆண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட மாநிலப் புனரமைப்புக் குழுவினர் நாடெங்கும் சுற்றிப் பலரைக் கண்டு பேசினர். எனினும் மொழிவாரித் தொகைக்கு 1951ஆம் ஆண்டின் குடிமதிப்பையே நம்ப வேண்டியிருந்தது. தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோரே மிகுதி என்று அட்டவணை காட்டிற்று. அவர்களுள் தேயிலைத் தோட்டங்களில் நிலையாக ஊன்றிவிட்ட குடும்பங்கள் எத்தனை, வேலை முடிந்து ஊர் திரும்புவோர் எத்தனை? தாய்மொழிக் கட்டம் இதனைச் சொல்லாது. பிறந்த ஊரைக் கேட்டாலும் முழு விடை கிடைத்துவிடாது. மதுரைச் சீமையில் பிறந்தவரும் மலையிலேயே முதுமை எய்தலாம் அல்லவா? வந்து போகும் தொழிலாளர் என்ற வாதமும் பொருளாதாரக் காரணங்களும் குழுவின் முடிவில் இடம்பெற்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972 முதல் அவை இடுக்கி மாவட்டத்தில் உள்ளன.

பாலக்காட்டுப் பக்கம் சிக்கல் வேறு விதமானது. சிற்றூர் வட்டத்தில் பாட்டி தமிழும் பேரன் மலையாளமும் பேசும் வீடுகள் உண்டு. குழந்தைப் பருவத்தில் தாய் ஒருவரிடம் பேசிய மொழியே அவருடைய தாய்மொழி என்பது குடிமதிப்பின் விதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும். வீட்டிலிருக்கும் ஒருவரே எல்லார்க்கும் சேர்த்து விடை சொல்லிவிட்டால், முதல்நிலை விவரத்திலேயே பிழை புகுந்துவிடுகிறது.

அதன்பின் தொகுப்பு வேலை. 2011ஆம் ஆண்டில் மக்கள் கூறிய மொழிப் பெயர்கள் 19,500க்கும் மேற்பட்டவை. அவை இறுதியில் 121 மொழிகளாகத் தொகுக்கப்பட்டன. இருளர் மொழி தமிழின்கீழ் வைக்கப்பட்டது. எனவே இருளர் வாழும் அட்டப்பாடியில் 'தமிழ்' என்ற தலைப்பின் எண்ணை மட்டும் பார்ப்பவர், அதனுள் இருளர் மொழியும் அடங்கியிருப்பதை அறியார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. வட்டத்திலோ நகராட்சியிலோ சிறுபான்மை மொழியினர் 15 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின், முக்கிய அரசாங்க அறிவிப்புகள் அம்மொழியிலும் வெளிவர வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினர்க்குரிய பாதுகாப்புகளுள் ஒன்று. மாவட்டத் தொகையில் கரைந்து போகும் தமிழர், வட்டத் தொகையில் வெளிப்படுதல் கூடும். ஆதலின் எந்த அட்டவணையை எடுப்பது என்பதும் ஆராய்பவரின் பொறுப்பே.

டில்லியிற் பிறந்து, தெருவில் இந்தி பேசி விளையாடும் உங்கள் பேரனுக்கு அக்கட்டத்தில் எதை எழுதச் சொன்னீர்கள்?