வடபிரதேசத்து ஆதிக்குடிகளும் சர்க்காரின் உறுதிமொழியும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



தூர தேசத்துச் சங்கதி ஒன்றை இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு சர்க்கார் ஜனங்களுக்கு நன்மை செய்வதாக உறுதி கூறித் தலையிடும்பொழுது, அவர்களைக் கேட்டுச் செய்வதற்கும் கேளாமற் செய்வதற்கும் எவ்வளவு பேதமுண்டு என்பது அதனால் விளங்கும்.

ஆஸ்திரேலியாவின் வடபிரதேசம் 5 லட்சம் சதுர மைலுக்கு மேற்பட்ட விஸ்தீரணமுடையது. ஜனத்தொகையோ சுமார் இரண்டரை லட்சமே. அவர்களில் ஏறக்குறைய 10-க்கு 3 பேர் ஆதிக்குடிகள்; பெரும்பாலோர் பட்டணங்களுக்கு வெகுதொலைவிலுள்ள சிற்றூர்களில் வசிக்கின்றனர். மழைக்காலத்தில் அவ்வூர்களிற் பலவற்றிற்குப் பாதையே இராது.

2007-ஆம் வருஷத்தில், அங்கே குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளைப் பற்றிப் பாட் ஆண்டர்சன், ரெக்ஸ் வைல்டு என்னும் இருவர் விசாரித்து 97 சிபார்சுகள் அடங்கிய அறிக்கையொன்றை வெளியிட்டனர். ஆதிக்குடிகளுடன் சர்க்கார் உண்மையாகக் கலந்தாலோசிக்க வேண்டுவது அத்தியாவசியம் என்பது முதற் சிபார்சிலேயே கண்டிருந்தது. ஜூன் 21-ஆம் தேதி பிரதம மந்திரி ஜான் ஹோவார்டு அவசர நடவடிக்கையை அறிவித்தார். கலந்தாலோசனை மாத்திரம் நடைபெறவில்லை.

73 கிராமங்கள் குறிக்கப்பட்டன. பட்டாளத்தாரும் அனுப்பப்பட்டனர். கிராம நிலங்கள் 5 வருஷக் கட்டாயக் குத்தகைக்கு எடுக்கப்பட்டன. மதுபானம் தடுக்கப்பட்டது, ஆனால் அக்கிராமங்களிற் பல முன்னமே தாமாக மதுவை விலக்கியிருந்தவை! அவற்றின் வாயிலிலும் பெரிய தடைப்பலகை நாட்டப்பட்டபோது மானமுள்ள குடிகள் என்ன நினைத்திருப்பார்கள்? 1975-ஆம் வருஷத்து இன வேற்றுமைத் தடைச் சட்டமும் இந்நடவடிக்கைகளுக்குக் குறுக்கே வாராதபடி நிறுத்திவைக்கப்பட்டு, 2010-இல் இயற்றிய சட்டத்தினாலேயே மீண்டும் செல்லுபடியாயிற்று. இதற்கிடையே, 2007-ஆம் வருஷக் கடைசியில் மந்திரிசபை மாறியும் திட்டம் மாறவில்லை.

நமது சங்கங்களுக்கு மிகவும் சம்பந்தமானது பணவிஷயம். சர்க்கார் அளிக்கும் உதவித்தொகையிற் பாதி கையிற் கொடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டது. அதைக்கொண்டு, லைசென்ஸ் பெற்ற கடைகளில் உணவு, உடை முதலிய அவசியப் பொருள்களை மாத்திரம் வாங்கலாம். 2008 முதல் இதற்கென ஒரு கார்டும் வழங்கப்பட்டது. குடிப்பவர், குடியாதவர், குழந்தையுள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே கிடையாது. பேரக் குழந்தைகளைச் செவ்வனே வளர்த்துவந்த பாட்டிக்கும் அதே விதிதான். உறவினரின் நச்சரிப்பினின்றும் பணம் தப்பிற்று என்று சில ஸ்திரீகள் இதை வரவேற்றதும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது.

இதனுடன் வேறொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வடபிரதேசத்தின் ஒரு பகுதியான ஆர்ன்ஹெம் நாட்டில் 1972-ஆம் வருஷத்தில் கிராமப் பண்டகசாலைகள் ஒன்றுசேர்ந்து ஐக்கிய முறையில் ஒரு சங்கத்தை ஸ்தாபித்தன. 'அல்பா' என்பது அதன் சுருக்கப் பெயர். அதுவும் ஓர் உணவுக் கார்டை ஏற்படுத்திற்று. ஆனால் வேண்டியவரே அதில் சேரலாம். எவ்வளவு தொகையை ஒதுக்குவது என்பதையும் அவரவரே நிச்சயிக்கலாம். கார்டு ஏறக்குறைய ஒன்றே. ஒன்று அங்கத்தினரின் சிக்கனம். மற்றது மேலிருந்து வந்த உத்தரவு. சேமிப்பு நிதிக்கு மனமுவந்து பணம் கட்டுவோருக்கு இந்தப் பேதத்தை நான் விஸ்தரிக்க வேண்டுவதில்லை.

பலன் என்ன? பிற்பாடு சட்டம் திருத்தப்பட்டு வடபிரதேசமெங்கும் நடந்த இப்பண ஒதுக்கீட்டை நிபுணர்கள் ஆராய்ந்து, 2014-இல் அறிக்கை வெளியிட்டனர். ஜனங்களின் நடத்தையில் கருதிய மாறுதல் ஏற்பட்டதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. வீட்டுவசதியின் கதை இன்னும் பரிதாபமானது. 67 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் 750 புது வீடுகள் கட்டுவதாக 2008-இல் அறிவித்தார்கள். 2009-ஆம் வருஷ நடுவில் ஒன்றுகூட முடிந்தபாடில்லை.

2012-இல் இத்திட்டத்திற்குப் பதிலாக 10 வருஷச் சட்டமொன்று வந்தது. அதன் காலம் 2022 ஜூலையில் முடிந்ததும் பல ஊர்களில் மதுவிலக்கும் கூடவே நீங்கிற்று. தகுந்த ஏற்பாடின்றி அதைத் திடீரென நீக்க வேண்டாமென ஆதிக்குடிகளின் சுகாதார ஸ்தாபனங்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தன. விதிக்கும்போது கேளாதவர்கள் நீக்கும்போதும் கேட்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் குடியும் அடிதடியும் பெருகின. 2023 ஜனவரியில் பிரதம மந்திரி ஆல்பனீஸ் நேரில் சென்று பார்த்தார். மறு மாதத்திலேயே தடை மீண்டும் அமுலுக்கு வந்தது.