கப்பற்கட்டணமும் கைச்செலவும்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசப் பிரயாணக் கப்பலொன்று வந்து தங்கும் நாட்களில், கோட்டைப் பகுதியில் நடமாடுவோரின் கண்கள் இயல்பாகவே அதன்பாற் செல்லும். அடுக்கடுக்காய் எழுந்த வெண்ணிற மாளிகையொன்று கடல்மீது மிதந்து வந்து நிற்பது போன்ற தோற்றம். அதனுள்ளே உணவுச்சாலைகளும் நாடக அரங்கும் நீச்சற்குளமும் கடைகளும் உள. முன்னாளில் கடல்கடந்து சென்றோர் ஓர் ஊரை அடையும் பொருட்டே கப்பலேறினர். இக்கப்பலில் ஏறுவோரோ கப்பலில் இருத்தற்காகவே ஏறுகின்றனர்.

இத்தகைய பிரயாணம் ஒருகாலத்தில் மேல்நாட்டுச் செல்வர்க்கே உரியதாயிருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்னும் கப்பல் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. பெற்றோரை ஒருமுறையேனும் கப்பலில் அனுப்பிவைக்க வேண்டுமென எண்ணும் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பங்களிலும் உளர். விளம்பரத்திற் கண்ட தொகையைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என வியப்பதும், பிரயாணம் முடிந்து கணக்குச்சீட்டு கைக்கு வந்தபின் "இவ்வளவா?" எனத் திகைப்பதும் இவ்விடயத்தில் வழக்கமாகிவிட்டன. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்னும் பழமொழி கப்பலுக்கும் பொருந்தும்.

ஆதலின் கட்டணத்துள் அடங்குவன எவை, அடங்காதன எவை என்பதைக் கப்பலேறுமுன் அறிந்துகொள்ளுதல் நன்று.

உல்லாசப் பிரயாணக் கப்பலை ஒரு பாதி கலியாண வீடாகவும் மறுபாதி கடைத்தெருவாகவும் கருதலாம். கலியாண வீட்டுப் பந்தியில் அமர்ந்தவரிடம் எவரும் காசு கேட்பதில்லை. அவ்வாறே தங்கும் அறை, அதைத் துப்புரவாக்கும் பணி, பிரதான உணவுச்சாலையிலும் தாமே எடுத்துண்ணும் பொதுச் சாலையிலும் வழங்கப்படும் உணவு, குடிநீர், சாதாரணத் தேநீர், கோப்பி, அரங்கில் நடக்கும் ஆடல் பாடல்கள், நீச்சற்குளம், தேகப்பயிற்சிக் கூடம், சிறுவர்க்கான விளையாட்டிடம் ஆகியவை பெரும்பாலான கப்பல்களிற் கட்டணத்துள் அடங்கும். இவற்றோடு மனநிறைவு அடைபவர் மேலதிகமாகச் செலவிட வேண்டுவது சொற்பமே.

கடைத்தெரு அங்கேயே, அடுத்த கதவிலேயே தொடங்குகிறது. மதுபானம், போத்தலில் வரும் குளிர்பானம், சிறப்பு உணவுச்சாலை, உடம்பு பிடித்துவிடும் நிலையம், சூதாட்டக் கூடம், புகைப்படம், சலவை, இணையத்தொடர்பு ஆகிய யாவும் தனிக்கணக்கு. பானங்களின் விலையோடு நூற்றுக்குப் பதினெட்டு அல்லது இருபது வீதம் பணிக்கட்டணமாகத் தானே சேர்க்கப்படுவது பல நிறுவனங்களின் வழக்கம். நாள்முழுவதும் விரும்பிய அளவு பருகுதற்கென ஒரே தொகையாக விற்கப்படும் பானத்திட்டமும் உண்டு. எனினும், ஒருவர் அதனை வாங்கினால் அதே அறையில் தங்கும் மற்றவரும் வாங்கியே ஆகவேண்டும் என்னும் நிபந்தனை சில கப்பல்களில் உண்டு. கணவர் பருகுவதற்கு, பருகாத மனைவியும் பணங்கட்டும் நிலை இதனால் ஏற்படும்.

இவ்வழக்கம் புதியதன்று. 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் முதலாம் வகுப்புப் பிரயாணிகள், அக்காலத்துக்குப் பெருந்தொகையான கட்டணம் செலுத்தியிருந்தும், துருக்கிக் குளியலுக்கு நான்கு சிலிங் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. மேற்றளத்தில் சாய்ந்திருக்கும் நாற்காலிக்கும் வாடகை இருந்தது. கரையிலுள்ளோர்க்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்ப முதற் பத்துச் சொற்களுக்கு 12 சிலிங் 6 பென்ஸ் அறவிடப்பட்டது. அன்று தந்திக்குக் கொடுத்த இடத்தில் இன்று இணையத்துக்குக் கொடுக்கின்றனர். கைத்தொலைபேசியை விமானநிலைக்கு மாற்றாது வைத்திருப்பவரின் கருவி, நடுக்கடலிற் கப்பலின் தொடர்பைத் தானே பற்றிக்கொண்டு, வீடு திரும்பிய பின்னர் பெருங்கணக்கைக் காட்டுதலும் உண்டு.

இனி, விரும்பினாலும் விரும்பாவிடினும் செலுத்த வேண்டிய செலவுகள் சில உள. அவற்றுள் முதலாவது துறைமுக வரி. விளம்பரத்திற் பெரிய எழுத்திற் காணப்படும் தொகையில் இது சேராதிருத்தல் நெடுங்கால வழக்கம். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் மறைகட்டணங்களைத் தடுக்கும் சட்டம் 2024 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, பெரிய நிறுவனங்கள் பல துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்தே அந்நாட்டில் விலை காட்டத் தொடங்கின. ஏனைய நாடுகளில் வாங்குவோர் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது சிப்பந்திகளுக்கான சன்மானம். முற்காலத்தில் பிரயாணத்தின் இறுதிநாளில் உறையிலிட்டுக் கையிற் கொடுக்கப்பட்ட இது, இன்று பல கப்பல்களில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டொலர் வரை கணக்கிலே தானே ஏறிவிடுகிறது. கருமபீடத்திற் சென்று கேட்டால் இதனைக் குறைக்கவும் நீக்கவும் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. ஆயினும் இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அறையைத் துப்புரவு செய்பவரும் உணவு பரிமாறுபவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து மாதக்கணக்காகக் குடும்பத்தைப் பிரிந்து உழைக்க வந்தவர்கள். அவர்களுட் பலருக்குச் சன்மானமே வருவாயின் முக்கிய பங்கு. பெயரளவில் அது நன்கொடை. உண்மையில் அது கூலி. செலவைச் சுருக்க வழிதேடுவோர் முதலிற் கைவைக்கத் தகாத இடம் இதுவே. பிரித்தானியாவின் பி அன்ட் ஓ குரூசஸ் நிறுவனம் 2019 முதல் சன்மானத்தைத் தனியே அறவிடுவதில்லை. பிரயாணியின் மனக்குழப்பத்தைத் தீர்க்கும் நேர்வழி அது.

இச்செலவுகள் எவ்வாறு பெருகும் என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஏழுநாட் பிரயாணத்துக்கு ஆளுக்கு 600 டொலர் என்னும் விளம்பரத்தைக் கண்டனர் எனக் கொள்க. இருவருக்கும் 1,200 டொலர். துறைமுக வரி ஆளுக்கு 120 வீதம் 240. சன்மானம் நாளொன்றுக்கு 17 வீதம் 238. காப்புறுதி இருவருக்கும் 120. பிள்ளைகளோடு பேசுதற்கு ஒரு கருவிக்கு இணையத்தொடர்பு நாளொன்றுக்கு 20 வீதம் 140. இரண்டு துறைமுகங்களில் ஆளுக்கு 70 டொலர் வீதம் ஊர் சுற்றிப் பார்க்க 280. ஆக மேலதிகச் செலவு 1,018 டொலர். 1,200 என எண்ணிப் புறப்பட்ட பிரயாணம் 2,218 ஆகிவிட்டது. ஒரு கிண்ணம் மதுவேனும், ஒரு புகைப்படமேனும் இக்கணக்கிற் சேரவில்லை. துறைமுகம் வரை செல்லும் விமானக் கட்டணமும் சேரவில்லை. இம்மேலதிகத் தொகையில் 598 டொலர் தவிர்க்க முடியாதது, அல்லது தவிர்க்கத் தகாதது. எஞ்சிய 420 அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது. இவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர் எங்கே சுருக்கலாம் என்பதை எளிதில் அறிவர்.

கரையிறங்கி ஊர் பார்ப்பதிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள இடங்களைத் தாமே நடந்து சென்றோ வாடகை வாகனத்திலோ பார்க்கலாம். ஆனால் தொலைதூரம் செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. கப்பல் நிறுவனம் ஒழுங்குசெய்த வண்டி தாமதமாயின் கப்பல் காத்திருக்கும். தனியாகச் சென்றவர் தாமதமாயின் கப்பல் போய்விடும். 2024 மார்ச்சில் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலா சென்று பிந்திய எட்டுப் பிரயாணிகளை விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டது. அவர்கள் பல நாடுகளைக் கடந்து கப்பலைத் தேடிப் பிடிக்க நேர்ந்தது.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்க செலவு வைத்தியச் செலவு. அரசாங்க ஆஸ்பத்திரியிற் பணங்கொடாது மருந்து பெற்றுப் பழகிய இலங்கையர்க்கு இது எளிதிற் புலப்படாது. கப்பலில் வைத்தியரும் மருத்துவ அறையும் உண்டு. ஆனால் அவர் பார்ப்பதற்கும் கொடுக்கும் மருந்துக்கும் கட்டணம் உண்டு. நோய் கடுமையாகி ஹெலிகொப்டரிற் கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டின் செலவு பல்லாயிரம் டொலரை எட்டும். மூத்த வயதினரை அனுப்பிவைக்கும் பிள்ளைகள், கடற்பிரயாணத்தையும் அவசர இடமாற்றத்தையும் உள்ளடக்கும் காப்புறுதியை எடுக்காது விடுதல் சிக்கனமாகாது. முன்னமே உள்ள நோய்களுக்கு அது பொருந்துமா என்பதையும் எழுத்திற் கேட்டுப் பெறவேண்டும்.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர்க்கு விசாச் செலவும் உண்டு. மத்தியதரைக் கடலிற் சுற்றும் கப்பலுக்கு ஷெங்கன் விசா தேவை; அக்கப்பல் துருக்கிக்குச் சென்று மீண்டும் கிரேக்கத்துக்குத் திரும்புமாயின், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவே வேண்டும். மேலும், விளம்பர விலை ஓரறையில் இருவர் தங்குதலை வைத்தே கூறப்படுவதால், தனித்துச் செல்லும் ஒருவர் சிலவேளை இருவருக்குரிய தொகையையும் செலுத்த நேரும்.

எல்லாம் அடங்கிய கட்டணம் என விளம்பரம் செய்யும் உயர்தரக் கப்பல்களும் உள. ரீஜென்ட் செவன் சீஸ் போன்ற நிறுவனங்கள் பானம், சன்மானம், கரைச்சுற்றுலாக்கள் பலவற்றையும் சேர்த்தே அறவிடுகின்றன. அவற்றின் விலை பன்மடங்கு. மது அருந்தாதவர் அங்கே பிறர் அருந்துவதற்கும் சேர்த்துக் கொடுக்கின்றார். பரபரப்பின்றி இருத்தலை விலைக்கு வாங்க வல்லார்க்கு அது தகும்.

கப்பலில் எவரும் காசை எடுத்து நீட்டுவதில்லை. அறைத்திறப்பாக உள்ள அட்டையே பணப்பையாகவும் விளங்குகிறது. காசு கையை விட்டுப் போவது கண்ணிற் படாதபோது செலவு இலேசாகிவிடுகிறது. ஆதலால் நாள்தோறும் இரவிற் கணக்கைப் பார்த்துக்கொள்வோர், இறுதிநாட் காலையில் கருமபீடத்தின் முன் நீளும் வரிசையில் வாதாட வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆசையோடு அனுப்பிவைத்த பெற்றோர் அந்தக் காலையில் கணக்குச்சீட்டைப் பார்த்துக் கலங்காது, மேற்றளத்தில் நின்று கரை நெருங்கி வருவதைப் பார்க்கலாம். அந்தக் காட்சிக்குக் கட்டணமில்லை.