மரத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று



பால்மரப் பட்டையில் வெளிர்பச்சையாகவும் சாம்பல் நிறமாகவும் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். தோட்டத்துச் சதுப்பு ஓரத்தில் ஊதாப் பூக்களுடன் ஒரு புதரும் நிற்கிறது. மலாய் மொழியில் அதற்குச் செண்டுடுக் என்று பெயர். இன்று இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பட்டையில் இருப்பது லைக்கன். நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒருவகை லைக்கன்தான். அது ஒற்றை உயிர் அன்று. பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை இடம் கொடுத்து ஈரத்தைக் காக்கிறது; பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. 1867இல் சுவிட்சர்லாந்து அறிஞர் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை.

லைக்கனுக்கு வேர் இல்லை, பூ இல்லை, விதையும் இல்லை. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பட்டை அதற்கு உட்காரும் இடம் மட்டுமே.

செண்டுடுக்கிற்கோ வேர், இலை, பூ, விதை எல்லாம் உண்டு. புளிப்பு மிகுந்த மண்ணிலும் அது செழிக்கும். பிற பயிர்களின் வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதன் பழத்தைத் தின்ற பிள்ளைகளின் வாய் கறுத்துவிடும். மெலஸ்டோமா என்னும் அதன் அறிவியல் பெயருக்கே கிரேக்க மொழியில் 'கறுப்பு வாய்' என்றுதான் பொருள்.

இந்த வேற்றுமையால் நமக்கு என்ன பயன்? லைக்கன் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் நேரே நீர் பெறுகிறது; புகையின் நஞ்சும் அவ்வழியே புகுந்துவிடும். பாரிஸ் நகரில் லைக்கன்கள் குறைந்ததற்குக் கெட்ட காற்றே காரணம் என்று 1866இல் நைலாண்டர் எழுதினார். தோட்டத்தின் உட்புற மரங்களில் நிறைய லைக்கன் இருந்து, சாலையோரத்து அதேவகை மரங்களில் குறைந்திருந்தால், புகையை நாம் சந்தேகிக்கலாம். நம் பிள்ளைகள் மூச்சுவிடுவதும் அதே காற்றைத்தான். செண்டுடுக் மண்டிய இடத்தில் காய்கறி போட நினைப்பவர்கள், முதலில் மண்ணின் புளிப்பைச் சோதித்துக்கொள்வது நல்லது. தேவையானால் சுண்ணாம்பு இடலாம்.

ஓர் எச்சரிக்கை: கல்பாசி என்று எண்ணி மரத்து லைக்கனைச் சுரண்டிச் சமைக்க வேண்டாம். எல்லா வகையும் உண்ணத்தக்கவை அல்ல. மருந்து தெளித்த மரமாகவும் இருக்கலாம்.

பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது, சாலையோர மரங்களிலும் பூமலைப் பக்கத்து மரங்களிலும் லைக்கன் திட்டுகளை எண்ணிவரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எண்ணியதை நோட்டில் எழுதட்டும்.