பிள்ளைப் பருவத்துக் காயமும் ஜமாஅத்தின் கடமையும்

(ஏற்காட்டில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

நமது ஊர், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுச்செல்லும் ஊர். ஜூன் பிறந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் விடுதிகளுக்கு வருகின்றனர். சேர்வராயன் கோயில் மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்குகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளோ குர்ஆனை மனனம் செய்வதற்காக மலையிறங்கி மதரஸாக்களுக்குச் செல்கின்றனர். இவ்வாறு பிறர் கையில் ஒப்படைக்கப்படும் பிள்ளையை நாம் அமானிதம் என்கிறோம். அந்த அமானிதத்திற்கு ஊறு நேர்ந்து, அப்பிள்ளை வளர்ந்து நாற்பது வயதில் வந்து நியாயம் கேட்டால் நாம் என்ன செய்யவேண்டும் என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் ஓதிய மதரஸாக்களுள் ஒன்றில் என் பாயை அடுத்துப் படுத்திருந்தவர் பதினொரு வயதுச் சிறுவர். இரவில் சில வேளைகளில் அவரை எழுப்பி அழைத்துச் செல்வார்கள். திரும்பிவந்து போர்வைக்குள் அழுவார். நான் உறங்குவதுபோல் கிடப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் என்னைத் தேடி வந்தார். பணம் கேட்கவில்லை, வழக்குத் தொடுக்கவும் துணை கேட்கவில்லை. "ஹழ்ரத், அன்று நீங்கள் விழித்திருந்தீர்களா?" என்று மட்டுமே கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழையதை மறந்துவிடுங்கள், அல்லாஹ் போதுமானவன்" என்றேன். அவர் தேநீரைக்கூடப் பருகாமல் எழுந்து சென்றார்.

நாற்பது நாள்களுக்குப் பின் அவர் வீட்டிற்குச் சென்று, "விழித்திருந்தேன்" என்று சொன்னேன். அவர் மனைவிக்கு முன்பாகவே சொன்னேன். அவர் கேட்டதும் அதுதான். நடந்ததை நடந்தது என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இத்தனை ஆண்டுகள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்பதே நாம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஓர் அரச ஆணையம், பள்ளிகளிலும் இல்லங்களிலும் வழிபாட்டு நிறுவனங்களிலும் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானோரை விசாரித்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தனித்தனியே அமரவைத்துக் கேட்டது. அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆயின என்று அந்த ஆணையம் கண்டது. 2018 அக்டோபர் 22 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுத் திட்டமும் அவ்வாண்டே தொடங்கியது.

நம் நாட்டிலோ, 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியபோது, பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். மும்பை கொலாபாவில் தெருப்பிள்ளைகளுக்கான காப்பகம் நடத்திய வெளிநாட்டவர் இருவருக்கு 2006இல் ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது. 2008இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. அதற்குள் அச்சிறுவர்கள் இளைஞர்களாகிவிட்டனர். 2021 மே மாதம் சென்னை கே.கே. நகர் பத்மா சேஷாத்ரி பள்ளியின் முன்னாள் மாணவியர் பேசத் தொடங்கினர். ஆசிரியர் ஒருவர் கைதானார். தொடர்ந்து வேறு பள்ளிகளின் முன்னாள் மாணவியரும் பேசினர். அவரவர் குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். படிப்பை முடித்துப் போனவர்கள் வாய் திறந்ததனால்தான் காவல்துறை அசைந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பிறர் பள்ளிகளைச் சுட்டிக்காட்டி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டாம். இங்கிலாந்தில் அரசு அமைத்த விசாரணைக் குழு 2021இல் சமய அமைப்புகளைக் குறித்து அறிக்கை வெளியிட்டபோது, பள்ளிவாசல் மதரஸாக்களும் அதில் இடம்பெற்றிருந்தன.

சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் வாழும் சென்னைப் பெண்மணி ஒருவர், தமக்குச் சிறுவயதில் நேர்ந்ததைப் புகார் செய்ய முடியாத நிலையில் அரசிடம் ஓயாமல் முறையிட்டார். அதன்பின் 2018 அக்டோபரில், இச்சட்டத்தின்கீழ்ப் புகார் அளிக்கக் கால வரம்பு இல்லை என்று மத்திய அரசு விளக்கமளித்தது. ஆயினும் 2012க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். பெண்ணின் மானத்தைக் குலைத்தல் என்னும் குற்றத்திற்கு அன்று உச்ச தண்டனையே இரண்டாண்டுதான். அத்தகைய வழக்கை மூன்றாண்டுகளுக்குள் நீதிமன்றம் ஏற்றிருக்க வேண்டும். நீதியின் நலன் கருதி நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அந்த ஒரு கதவைத்தான் பலரும் தட்டவேண்டியுள்ளது.

ஷரீஅத்தில் ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, காலம் கடந்ததனால் அழிவதில்லை என்பதே ஃபிக்ஹு விதி. அவ்வாறிருக்க, நம்மில் சிலர் இரண்டு வாதங்களைக் கொண்டுவருகின்றனர். ஒன்று, முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டும் என்பது. ஒருவர் தமக்கும் இறைவனுக்கும் இடையே செய்த பாவத்திற்குத்தான் அது பொருந்தும். பிறர் பிள்ளைக்குச் செய்த அநீதிக்குப் பொருந்தாது. மற்றொன்று, அது புறம் பேசுதலாகும் என்பது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு நிலைகளை எடுத்துரைக்கிறார்கள். அவற்றுள் முதலாவதே அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீடு. ஏழாண்டு ஓதிய எங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் நாங்கள் மிம்பரில் சொல்லவில்லை. இதில் ஆலிம்களாகிய எங்கள் பங்கே பெரிது.

இன்னொன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மதரஸாக்களையும் வேதபாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. நாம் மகிழ்ந்தோம். மாணவரை அடிக்கக்கூடாது என்னும் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதனுடன் சேர்ந்தே விலகிப்போனதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. ஆனால் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் நம்மீதும் உண்டு. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமலிருந்தால் ஆறு மாதம் வரையிலும், நிறுவனப் பொறுப்பாளரானால் ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பனார் இனி அவ்வாறு சொல்ல வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை, பிற்பாடு உங்களிடம் எதைத்தான் வந்து சொல்லும்?

முதவல்லி அவர்களிடமும் நிர்வாகிகளிடமும் என் கோரிக்கைகள் இவை. நம் மக்தபில் கதவு சாத்திய அறையில் உஸ்தாதும் பிள்ளையும் தனித்திருக்கக்கூடாது. இது எனக்கும் பொருந்தும். வெளியூர் மதரஸாவில் சேர்க்கும் முன் நம்மில் இருவர் நேரில் சென்று விடுதியைப் பார்த்துவர வேண்டும். 1098 என்னும் எண்ணை ஹவ்ளுக்கு அருகில் பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில் எழுதிவைக்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவர் வந்து பழைய அநீதியைச் சொன்னால், நிர்வாகத்தில் இருவர் அமர்ந்து கேட்டு, அவர் விரும்பினால் எழுதிக்கொள்ள வேண்டும். காவல்நிலையம் செல்ல நினைத்தால் உடன் செல்லவும் வேண்டும். சம்பந்தப்பட்டவர் ஆலிமாயினும் செல்வந்தராயினும் இதில் வேறுபாடு கூடாது.

என் நண்பருக்காக அந்த மதரஸா நிர்வாகத்திற்கு இருமுறை கடிதம் எழுதியுள்ளேன். பதில் வரவில்லை. மூன்றாம் கடிதத்தில் நம் ஜமாஅத்தின் முத்திரையும் இருந்தால் அவருக்குப் பலமாக இருக்கும். கடிதம் தயாராக உள்ளது. நிர்வாகிகள் இன்றே படித்துப் பார்க்கலாம். இங்கு அமர்ந்திருப்போரில் எவருக்கேனும் சொல்ல ஏதேனும் இருந்தால், இஷாவுக்குப் பின் என் அறையில் விளக்கு எரியும். பெண்கள் என் வீட்டாரிடம் வந்து சொல்லலாம்.

வஸ்ஸலாம்.