மணம் அறியும் புலன்



2020-ஆம் ஆண்டின் இறுதியில் கொரோனாக் காய்ச்சல் கண்டு எழுந்தேன். ஒரு நாள் காலை அடுக்களையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் அடிபிடித்துக் கருகிப் போயிற்று. கூடத்திலிருந்து ஓடிவந்த என் மனைவி, "உங்களுக்கு மூக்கு இல்லையா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்ட கேள்வி மெய்யாகவே ஆகிவிட்டிருந்தது.

அன்று அருந்திய காப்பியில் கசப்பு இருந்தது, இனிப்பு இருந்தது; காப்பியைத்தான் காணவில்லை. நாம் சுவை என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி மணமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயைக் கடித்துப் பாருங்கள். பிறகு பிடியை விடுங்கள். வாயினுள் எழும் மணம் தொண்டையின் பின்வழியே மேலேறி மூக்கை அடைவது உடனே விளங்கும்.

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, தபால் தலையளவான ஒரு மென்படலம் இருக்கிறது. அதில் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் உண்டு. காற்றில் வரும் மணத்துகள்கள் அங்குள்ள ஈரத்தில் கரைந்து, அந்த அணுக்களின் நுண்ணிழைகளிலுள்ள ஏற்பிகளைத் தொடுகின்றன. மனிதனுக்கு இவ்வேற்பிகள் ஏறத்தாழ 400 வகை. ஓர் அணுவுக்குப் பெரும்பாலும் ஒரு வகையே. ஆயினும் நாம் அறியும் மணங்களோ எண்ணற்றவை. 247 எழுத்துக்களைக் கொண்டு தமிழில் எத்தனை சொற்களை ஆக்குகிறோம்! அதுபோல, எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பதைக் கொண்டே மூளை மல்லிகையையும் மண்ணெண்ணெயையும் பிரித்தறிகிறது. இவ்வேற்பிகளுக்குரிய மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மணச்செய்தி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை மிகக் குறுகிய வழியில் சென்றடைகிறது. என் தந்தையார் காலமாகிப் பல்லாண்டுகள் ஆயின. அவருடைய பொடிமட்டையைத் திறந்தால் அவர் எதிரில் வந்து நிற்பார். அந்நாட்களில் திறந்தேன்; யாரும் வரவில்லை.

அதைவிட அச்சம் தந்தது ஒன்றுண்டு. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது எனலாம். கசிவை மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே, எத்தில் மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளை அதில் சிறிதளவு சேர்க்கிறார்கள். வீட்டில் தனித்திருக்கையில் அடுப்பைப் பற்றவைப்பதையே விட்டுவிட்டேன். தொல்காப்பியர் மூக்கறிவையும் பெற்ற மூவறிவு உயிர்களுக்கு எறும்பை எடுத்துக்காட்டுகிறார். எறும்புக்கு வாய்த்தது எனக்கு இல்லாமற் போயிற்று!

கொரோனா நுண்மம் பெரும்பாலும் தாக்குவது நரம்பணுக்களை அன்று, அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே என்றார் மருத்துவர். மேலும், மண நரம்பணுக்கள் புதிதாக முளைக்க வல்லவை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகரச் சொன்னார்.

நான்காம் திங்களில் கிராம்பு மெல்லத் திரும்பியது. காப்பியும் வந்தது, கருகிய ரப்பர் வாடையோடு. புதிய நரம்புகள் சரியான இடத்தில் இணையும்வரை இத்தகைய மயக்கம் நேர்வதுண்டாம். அவ்வாடை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் பொடிமட்டையைத் திறந்தால் தந்தையார் வருகிறார்.